வி.ஆர். திகில் கேம்களில் கைக்கு என்ன வேலை?

தியேட்டரில் பேய்ப்படம் பார்க்கும்போது நம் கைகளுக்கு இருக்கிற வேலை கொஞ்சம்தான். முகத்தைப் பொத்திக்கொள்ளும், விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்க விடும், பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் சட்டையைப் பிடிக்கும். வி.ஆர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் மோஷன் கன்ட்ரோலரோடு திகில் கேம் ஆடுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. பயந்துபோய் கையைத் தூக்கினால் கன்ட்ரோலர் ஹெட்செட்டில் 'டொக்'குன்னு இடிக்கும். திரை கைக்கும் கண்ணுக்கும் நடுவில், கண்ணை ஒட்டி இருக்கிறது. கேமுக்குள் இருக்கும் கை முகத்துக்கு முன்னால் வரத்தான் செய்யும். ஆனால் பல கேம்களில் அது மணிக்கட்டோடு முடிந்துபோகிற ஒரு கையுறை. அதைச் சுற்றி எல்லாமே தெரியும்.

சரி, கண்ணையாவது இறுக்கி மூடிக்கொள்ளலாம்னா, 2023-ல் சூப்பர்மேசிவ் கேம்ஸ் வெளியிட்ட 'ஸ்விட்ச்பேக் வி.ஆர்.' அதையும் விட்டு வைக்கவில்லை. பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 ஹெட்செட்டுக்குள் கண் அசைவைக் கவனிக்கும் கேமரா உண்டு. அந்த கேமில் ஓரிடத்தில் துணிக்கடை பொம்மைகள் நிற்கும். நாம் கண் சிமிட்டினால் அவை நகர்ந்து வரும். கேமின் மற்ற பகுதிகள் சுமார் ரகம்தான், ஆனால் இந்த ஒரு யோசனைக்காகப் பார்க்கலாம்.

வி.ஆர். திகில் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். சுற்றிலும் தெரிகிறது, நேரில் நிற்கிற மாதிரி இருக்கிறது, திரும்பினால் முதுகுக்குப் பின்னாலும் இருட்டு. எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஆச்சரியம் ஒரு வாரம்தான் தாங்கும். அதற்குப் பிறகும் ஒரு கேம் பயமுறுத்துகிறது என்றால், பயந்துபோன அந்த நேரத்தில் அது நம் கைக்கு என்ன வேலை கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். என் கணிப்பு இதுதான்: கையை அவிழ்த்துவிட்ட இந்தக் கன்ட்ரோலர்கள் திகில் கேம் செய்கிறவர்களின் வேலையைக் கஷ்டமாக்கிவிட்டன. சிலர் மட்டும்தான் அதைச் சமாளித்திருக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போகணும். வீட்டு வி.ஆர். கடைக்கு வந்த 2016-ல் கை விஷயத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிலையில் இருந்தது. ஆக்குலஸ் ரிஃப்ட் மார்ச் மாதம் சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரோடு வந்தது. கையை அறியும் டச் கன்ட்ரோலர்கள் அந்த டிசம்பரில்தான் வந்தன. ஹெச்.டி.சி. வைவ் ஏப்ரலிலேயே இரண்டு கைக்கும் தனித்தனிக் கன்ட்ரோலரோடு வந்துவிட்டது. அக்டோபரில் வந்த பிளேஸ்டேஷன் வி.ஆருக்கு, 2010-ல் பிஎஸ்3-க்காகச் செய்த மூவ் குச்சிகளையே சோனி திரும்ப எடுத்துக் கொடுத்தது. அதனால் அந்தக் காலத்துத் திகில் கேம்களில் பாதி, கை என்று ஒன்று இல்லாமலேயே உருவானவை.

அவற்றில் மிக முக்கியமானது 'ரெசிடென்ட் ஈவில் 7'. ஜனவரி 2017-ல் வந்தது. பிளேஸ்டேஷன் வி.ஆரில் முழுசாக ஆடலாம், ஆனால் சாதாரண டூயல்ஷாக் கன்ட்ரோலரில் மட்டும். துப்பாக்கியைக் குறி வைப்பதே தலையை ஆட்டித்தான். மூக்கு எந்தப் பக்கமோ குண்டும் அந்தப் பக்கம். இன்றைய கணக்கில் இது பழைய முறை. ஆனாலும் பேக்கர் குடும்பத்தின் வீட்டில் நடக்கிற பயத்தைப் பின்னால் வந்த, கை கால் எல்லாம் சரியாக இயங்குகிற பல கேம்களால் தொட முடியவில்லை. கை வைத்துத்தான் பயம் என்று நான் சொல்கிறேன் என்றால், கையே இல்லாத இந்த கேம் ஏன் இப்படி நடுங்க வைக்கிறது?

இதற்குப் பதில் காப்காம் அதற்கு முன்னால் செய்த ஒரு சின்ன டெமோவில் இருக்கிறது. 2015 ஈ3 கண்காட்சியில் 'கிச்சன்' என்ற பெயரில் காட்டினார்கள். அப்போது அது ரெசிடென்ட் ஈவில் தொடரின் பகுதி என்றுகூடச் சொல்லவில்லை. பாழடைந்த ஒரு சமையலறை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கைகள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் நிஜக் கைகளும் அப்படித்தான் இருக்கின்றன, ஏன்னா ஒரே கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறீர்கள். கன்ட்ரோலரை மேலே தூக்கினால் கட்டப்பட்ட கைகள் மேலே வரும். விலக்க முடியாது, விலக்கினால் கன்ட்ரோலர் கீழே விழுந்துவிடும். எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு கேம்பேடைக் கயிறாக மாற்றிவிட்டார்கள். நிஜக் கையும் திரைக் கையும் இவ்வளவு பொருத்தமாக இருந்த இடம் அதற்குப் பிறகும் அதிகம் இல்லை.

ரெசிடென்ட் ஈவில் 7 முழுவதும் இந்தக் கட்டு அவிழவே இல்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். வீட்டுக்காரர் கழுத்தைப் பிடிக்க வரும்போது இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்ந்தே கிடக்கும், ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பிடித்துக்கொண்டு. சாப்பாட்டு மேஜைக் காட்சியில் கதாநாயகன் ஈதனைக் கட்டி வைத்து ஊட்டப் பார்ப்பார்கள். அந்தக் காட்சியில் நாமும் அதே நிலையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். போதாததற்கு, கதையின் ஆரம்பத்திலேயே ஈதனின் இடது கையை ரம்பத்தால் அறுத்துவிடுவார்கள். பிறகு ஸ்டேப்ளர் அடித்து ஒட்டுவார்கள். கை இருந்தும் பயனில்லை என்பதுதான் அந்த கேமின் விஷயமே.

இதோடு ஒரு ஆராய்ச்சியையும் சேர்த்துப் பார்க்கணும். 1998-ல் பாட்வினிக், கோஹென் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரே பக்கத்தில் வெளியிட்ட ரப்பர் கை சோதனை. உங்கள் கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டு, மேஜை மேல் ஒரு ரப்பர் கையை வைப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி பிரஷ்ஷால் தடவுவார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ரப்பர் கைதான் தன் கை என்று தோன்ற ஆரம்பித்துவிடும். மோஷன் கன்ட்ரோலர் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். நாம் அசைக்கிற அதே நொடியில் எதிரே ஒரு கை அசைகிறது, மூளை அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. மசாஹிரோ மோரி 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில்கூட, மனிதனைப் போலவே இருப்பது ஏன் அருவருப்பாகிறது என்பதற்கு அவர் எடுத்த உதாரணம் செயற்கைக் கைதான். பார்க்க நிஜக் கை போல இருக்கும், குலுக்கினால் சில்லென்று இருக்கும். பயத்துக்கு இவ்வளவு தோதான ஒன்று கிடைத்தும் பெரும்பாலான கேம்கள் அதில் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் வைக்கவில்லை.

'ரெசிடென்ட் ஈவில் 4' வி.ஆர். பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் குவெஸ்ட் 2-க்காக ஆர்மேச்சர் ஸ்டுடியோ செய்தது. ரொம்ப நல்ல கேம், இரண்டு தடவை முடித்திருக்கிறேன். ஆனால் பயமா என்றால், இல்லை. 2005-ல் வந்த மூல கேமில் துப்பாக்கியை உயர்த்தினால் நடக்க முடியாது. கால் நின்றுவிடும். ஸ்பெயின் நாட்டுக் கிராமத்துக்காரர்கள் மண்வெட்டியோடு நெருங்கி வருவார்கள். நின்று சுடுவதா, திரும்பி ஓடுவதா? அந்தப் பதற்றத்தை வைத்துத்தான் முழு கேமையும் கட்டியிருந்தார்கள். வி.ஆர். பதிப்பில் நடந்துகொண்டே சுடலாம். ஒரு கையில் ஒரு துப்பாக்கி, இன்னொரு கையில் இன்னொன்று. இடுப்பிலிருந்து தோட்டாவை உருவிச் செருகுவது முதல் ஐந்து நிமிஷம் தடுமாற்றம், பிறகு அதுவே ஒரு ஸ்டைல். ரம்பத்தோடு ஓடிவருகிறவனைப் பார்த்தால் நமக்கு ரஜினி படத்துச் சண்டைக் காட்சி ஞாபகம் வருகிறது. சேவ் பண்ணும் இடத்தில் இருக்கும் டைப்ரைட்டரில் உட்கார்ந்து தட்டவும் முடியும். குழந்தை மாதிரி அதில் விளையாடிக்கொண்டிருந்தேன். கைக்கு எல்லாம் முடியும் என்று ஆனதும் பயம் கிளம்பிப் போய்விட்டது.

கட்டிய கை பயப்படுகிறது, அவிழ்த்த கை தைரியமாகிறது. அப்படியானால் மோஷன் கன்ட்ரோலரில் திகிலே வராதா? வரும். 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' அதை ஒரே ஒரு அத்தியாயத்தில் செய்து காட்டியது.

அது திகில் கேமே அல்ல. வால்வ் நிறுவனம் மார்ச் 2020-ல் வெளியிட்ட, அறிவியல் புனைகதை வகையைச் சேர்ந்த சுடும் விளையாட்டு. ஆனால் நடுவில் 'ஜெஃப்' என்று ஒரு அத்தியாயம் வரும். பழைய சாராயத் தொழிற்சாலை ஒன்று. எங்கே பார்த்தாலும் காலி பாட்டில். உள்ளே முன்னாள் மனிதன் ஒருவன் திரிகிறான். கண் தெரியாது, காது மட்டும் கூர்மை. சுட்டாலும் சாகமாட்டான். சுடும் சத்தம் அவனை இன்னும் அருகில்தான் கூட்டிவரும். அங்கே காற்றில் ஒரு பூஞ்சைத் தூள் மிதக்கிறது, அதை இழுத்தால் அலிக்ஸுக்கு இருமல் வரும். இருமினால் அவனுக்குக் கேட்டுவிடும். இதற்கு பட்டன் எதுவும் இல்லை. நீங்கள் கையைத் தூக்கி, உங்கள் சொந்த வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

தியேட்டரில் முகத்துக்குப் போன அதே கை. இங்கே அது விளையாட்டின் விதியாகவே மாறியிருக்கிறது. ஒரு கை வாயில் இருக்கிறது, மிச்சம் ஒரே கை. அந்த ஒரு கையால் கதவைத் திறக்கணும், அலமாரியைத் திறக்கணும். திறந்தால் உள்ளேயிருந்து பாட்டில் உருளும், அதைக் கீழே விழாமல் பிடிக்கணும். பிடிக்கிற அவசரத்தில் வாயிலிருந்த கையை எடுத்துவிட்டால் இருமல். இத்தனையும் கன்ட்ரோலருக்குத் தெரிந்த மிகச் சாதாரணமான அசைவுகள். வீட்டில் தினமும் செய்கிறதுதான்: கதவு, பாட்டில், பீரோ. அவற்றைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. விளையாடும்போது கவனித்துப் பாருங்கள், கன்ட்ரோலரை முகத்துக்கு முன்னால் கொண்டுபோனால் போதும் என்று தெரிந்தும் பலர் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொள்வார்கள். கேம் அதைக் கேட்கவே இல்லை.

அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று அப்புறம் வரும். பாடுபட்டு ஜெஃப்பை ஒரு குளிர்பதன அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவீர்கள். அப்பாடா என்று மின்கம்பி போகும் பாதையைப் பின்தொடர்ந்தால், அது போய் நிற்பது அதே அறைக்குள். நீங்கள் பூட்டிய கதவை நீங்களேதான் திறக்க வேண்டும், உங்கள் கையால் கைப்பிடியைத் திருகி. பட்டனை அழுத்தித் திறக்கிற கேமில் இது வெறும் கதைத் திருப்பமாகத்தான் இருந்திருக்கும். ஒரு குறை மட்டும் சொல்லணும். வாயை மூடும் முகமூடி ஒன்று அங்கே கிடைக்கும். மாட்டிக்கொண்டால் கை காலியாகிவிடும். பயந்தவர்களுக்கு ஒரு சலுகை என்று வைத்திருப்பார்கள்போல. அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டவர்கள் அந்த அத்தியாயத்தைப் பாதிதான் விளையாடினார்கள்.

அதே 2020 ஜனவரியில் வந்த 'தி வாக்கிங் டெட்: செயின்ட்ஸ் அண்ட் சின்னர்ஸ்' வேறு பக்கமிருந்து வந்தது. இங்கே கையில் ஆயுதம் உண்டு, ஆனால் ஆயுதத்துக்கு எடை உண்டு. கன்ட்ரோலர் என்னவோ நூற்றுச் சொச்சம் கிராம்தான். கோடரியை ஒற்றைக் கையால் வீசினால், உங்கள் கை போய்ச் சேர்ந்த பிறகுதான் திரைக் கை தள்ளாடி வந்து சேரும். பையைப் பார்க்கணும்னா தோளுக்குப் பின்னால் கையைவிட்டு எடுத்து முன்னால் பிடிக்கணும். அப்போது உலகம் நிற்காது. முக்கியமானது கத்தி. நடைபிணத்தின் மண்டையில் குத்தினால் கத்தி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இன்னொரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு இழுத்து உருவணும். முதல் நாள் எனக்கு அது குமட்டியது. நாலாவது நாள், எந்தக் கோணத்தில் குத்தினால் சுலபமாக உருவலாம் என்று கை தானாகக் கற்றுக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். திரையில் ரத்தம் எவ்வளவு பார்த்தாலும் வராத ஒரு சங்கடம் அது. இந்த வகை விளையாட்டுகளைப் பற்றி யாராவது தீவிரமாக எழுதுவதானால் இங்கிருந்துதான் தொடங்கணும் என்று நினைக்கிறேன். வன்முறையைப் பார்ப்பது ஒன்று. அதன் தொழில்நுணுக்கம் தோளிலும் மணிக்கட்டிலும் பதிவது வேறு.

ஆயுதமே இல்லாமல் கைக்கு வேலை கொடுத்ததில் எனக்குப் பிடித்தது 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெட்டீஸ்: ஹெல்ப் வான்டட்'. ஸ்டீல் வூல் ஸ்டுடியோஸ் செய்தது, 2019. குழந்தைகளுக்கான கேம் என்று பலர் ஒதுக்கிவிடுகிற தொடர் இது. 2014-ல் ஸ்காட் காவ்தன் தனியாளாகச் செய்த முதல் கேமில், அறைக்குள் உட்கார்ந்து கேமரா பார்ப்பதும் கதவு மூடுவதும்தான் வேலை. வி.ஆர். பதிப்பில் 'பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ்' என்று ஒரு பகுதி சேர்த்தார்கள். நீங்கள் ஒரு மெக்கானிக். எதிரில் ஆளுயர இயந்திர முயலோ கரடியோ, உங்களையே பார்த்தபடி. ஸ்பீக்கரில் ஒரு குரல் சொல்லச் சொல்ல, அதன் முகத்தைத் திறந்து, உள்ளே கைவிட்டு, பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். தப்பான பட்டனைத் தொட்டால் அது உங்கள் மேல் பாயும்.

இதில் ஓட முடியாது, ஓட வேண்டிய அவசியமும் இல்லை. வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் சரியாகச் செய்ய முகத்தை அருகில் கொண்டுபோகணும், விரலை நிதானமாக வைக்கணும். பயந்த கைக்கு எது முடியாதோ அதையேதான் கேம் கேட்கிறது. மிக்ஸியோ டிவியோ பிளக்கில் இருக்கும்போதே பின்பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கூச்சம் தெரியும். பாய்கிற அந்தக் கணத்தைவிட அதற்கு முந்தைய ஒரு நிமிஷம்தான் பயம்.

'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' வி.ஆர். பதிப்பு (பிப்ரவரி 2023) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இம்முறை காப்காம் கையைக் கொடுத்துவிட்டது. அடி விழும்போது இரண்டு கையையும் முகத்துக்கு முன் தூக்கித் தடுக்கலாம், அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மீதி நேரமெல்லாம் துப்பாக்கி. பெனவியெண்டோ வீட்டில் மட்டும் ஆயுதங்கள் எல்லாம் காணாமல் போய், கையில் டார்ச் மட்டும் மிஞ்சும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள். இதற்குமேல் ஆதாரம் வேண்டாம்.

வீட்டில் ஆடுவதைப் பற்றியும் சொல்லணும், ஏன்னா இந்தக் கைகள் நிஜத்தில் இருக்கிற இடம் அதுதான். நின்று நடமாடி ஆட குவெஸ்ட் கேட்பது ஏறக்குறைய 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியிடம். நம் ஊர் ஹாலில் சோபாவை நகர்த்தி, டீப்பாயை வெளியே வைத்தால் கிடைக்கும். எல்லையை நெருங்கினால் கம்பிவலை போன்ற கோடுகள் காற்றில் தோன்றும். பிசாசைப் பார்த்துப் பின்வாங்குகிறபோதுதான் எல்லை நெருங்கும் என்பதால், மிகப் பயங்கரமான நொடியில் சரியாக அந்த வலை வந்து 'இது உங்க வீடுதாங்க' என்று சொல்லும். உட்கார்ந்து ஆடும் கிச்சனுக்கும் பார்ட்ஸ் அண்ட் சர்வீஸுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. அவை நன்றாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கையைத் தலைக்கு மேல் தூக்க வைக்கும் கேம் என்றால் ஃபேனை நிறுத்தணும், நிறுத்தினால் வியர்த்து லென்ஸ் மங்கும். ஏ.சி. இல்லாத வீட்டில் வி.ஆர். திகில் என்பது மார்கழியில் ஆட வேண்டிய விளையாட்டு. அதிலும் 'ஃபாஸ்மோஃபோபியா' என்றால் இன்னொரு சிக்கல். பேய் வேட்டையாடும் நேரத்தில் மைக்கில் பேசினால் அதற்குக் கேட்டுவிடும். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நீங்கள் கிசுகிசுப்பீர்கள், பேய்க்குப் பயந்தும் கிசுகிசுப்பீர்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த கேமை வீட்டில் ஆடுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

இப்போது கன்ட்ரோலரே வேண்டாம், வெறுங்கையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். குவெஸ்டில் இந்த வசதி 2019 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. திகிலுக்கு அது உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். கேம் முடிந்ததும் உள்ளங்கையைப் பார்த்தால் கன்ட்ரோலரின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருக்கும். அதுவரைக்கும் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததே தெரிந்திருக்காது.

அந்த இறுக்கத்தை அளக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. 2019-ல் வந்த வால்வ் இண்டெக்ஸ் கன்ட்ரோலரில், எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதை அறியும் சென்சார் உண்டு. அலிக்ஸில் அதை வைத்து காலி டின்னைக் கசக்கலாம். கசக்கிவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டு நடக்கலாம். அவ்வளவுதான் செய்திருக்கிறார்கள். அதே கேமில், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது இன்னொரு கை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஜெஃப்புக்குத் தெரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?